மாட்டு மூச்சும் அம்மாவோட சுகரும்

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகன் ஊருக்கு வந்திருந்தான். வந்ததும் செல்போனை நீட்டி, "மாமா, இதைப் பாருங்க. இனிமே அம்மாயிக்கு விரல்ல குத்த வேண்டாம். இதுல ஊதினா சுகர் எவ்வளவுன்னு காட்டிருமாம்" என்றான். விலை மூவாயிரத்துச் சொச்சம். அம்மாவுக்கு முகமே மலர்ந்துபோச்சு.

அம்மாவைக் குறை சொல்ல முடியாதுங்க. மூணு வருசமா இன்சுலின் போடுறாங்க. களையெடுத்து, கடலைக்காய் பறிச்சு காய்ச்சுப்போன விரல். குத்தினாலும் ரத்தம் சுலபமா வராது. ஒரு ஸ்ட்ரிப் வீணானா அன்னிக்குப் பூரா அதே புலம்பல்தான்.

ஆனாலும் வேண்டாம்னுட்டேன். காரணம், எங்க கட்டுத்தரையில் நின்ற ஒரு கலப்பின மாடு.

கன்னு போட்டு மூணு வாரம் இருக்கும். நல்ல கறவை. திடீர்னு புண்ணாக்கு, தவிட்டை மோந்து பார்த்துட்டு விலகிக்கிச்சு. பால் பாதியாச்சு. கிட்டப் போனா வாயில் அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசம். கால்நடை டாக்டர் வாசத்தை வைத்தே சந்தேகப்பட்டார்; அதோடு விடாமல் ரத்தமும் எடுத்துப் பார்த்துட்டு, கீட்டோசிஸ் என்றார். கறக்கிற பாலுக்கு ஈடான சத்து தீனியில் கிடைக்கலைன்னா, மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். அப்போ உண்டாகிற அசிட்டோன்தான் மூச்சில் வாசமா வருது. அந்த மாட்டுக்கு ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைஞ்சிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏத்தினார்.

இன்சுலின் அடியோடு போதாமப் போன மனுசருக்கும் மூச்சில் இதே வாசம் வரும். ஆனா அவர் ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கும். இன்சுலின் இல்லாததால் உடம்பு அதைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பைக் கரைக்கும். அவருக்கு வேண்டியது இன்சுலினும் சலைனும். வாசம் ஒண்ணு, வைத்தியம் நேர் எதிர். ரெண்டு நாள் பட்டினி கிடந்தா சுகரே இல்லாத ஆளுக்கும் அசிட்டோன் கூடும். இன்னொரு பக்கம், ரத்தத்தில் 300 இருக்கிற எத்தனையோ பேர் மூச்சில் ஒரு வாசமும் இருக்காது. கொழுப்பு கரையுதா என்பதைத்தான் அசிட்டோன் சொல்லுது. அதை வெச்சு சுகர் எத்தனைன்னு எப்படிங்க எண் சொல்றது?

ஆராய்ச்சியே வீண்னு சொல்ல வரலை. 2016ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், முதல் வகை சர்க்கரை நோயுள்ள எட்டுப் பெண்களுக்கு டாக்டர்கள் கண்காணிப்பில் சர்க்கரையை இறக்கிப் பார்த்தாங்க. மூச்சில் ஐசோப்ரீன் என்ற பொருள் கூடியது. சிலருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. சுகர் இறங்கும்போது சில நாய்கள் எஜமானரை எச்சரிப்பதற்கு இது காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. நல்ல தொடக்கம்தான். ஆனா எட்டுப் பேரை வெச்சு எங்கம்மாவுக்கு ஊசி அளவைத் தீர்மானிக்க முடியுமா? 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், குத்தாமலே சுகர் அளக்கிறதாச் சொல்லி விற்கிற வாட்ச், மோதிரம் எதுக்குமே தாங்கள் அனுமதி கொடுக்கலைன்னு எச்சரிச்சது.

போன வருசம் கடலைக்காட்டில் அம்மா வேர்த்து விறுவிறுத்துச் சாஞ்சுட்டாங்க. குத்திப் பார்த்தா 52. சர்க்கரைத் தண்ணி கொடுத்துத் தேத்தினோம். அந்த நேரத்தில் ஊதுகுழல் 250னு காட்டியிருந்தா? நினைக்கவே ஈரக்குலை நடுங்குது.

ஊதுற கருவி நிஜமா வரட்டும், நானே முதல்ல வாங்குவேன். இன்னிக்கு எங்களை மாதிரி ஆளுக்கு வேண்டியது ஸ்ட்ரிப். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருது, நல்ல விசயம். இன்சுலின் போடுறவங்களுக்கு அதே பையில் மாசத்துக்கு இத்தனை ஸ்ட்ரிப்னு வெச்சுக் கொடுத்தா, குத்தாமல் தள்ளிப்போடுறவங்க பாதிப்பேர் குத்திப் பார்ப்பாங்க. தள்ளிப்போடுறதுக்கு வலியை விடக் காசுதான் காரணம். எங்க வீட்டில் அப்படித்தான்.

மறுநாள் காலையில் அம்மா கையை வெதுவெதுப்பான தண்ணியில் கழுவி, கொஞ்ச நேரம் தொங்கப் போடச் சொன்னேன். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினேன். முதல் தடவையே துளி வந்துருச்சு. 186.

"மாட்டை மட்டும் மோந்து பார்த்தே சொன்னாரே அந்த டாக்டரு" என்றார் அம்மா, இன்னும் கோவம் தீராமல்.

"அவரும் ரத்தம் எடுத்தாரும்மா."

"எடுத்தாரா? நான் பார்க்கலையே" என்று எழுந்து போய்விட்டார்.