பாட்டு நின்ற பிறகு ஓடும் வண்டி

கல்யாண மண்டபங்களிலும் காதணி விழாக்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் கல்லூரி ஆண்டு விழாக்களிலும் டி.ஜே. இசை அமைத்துக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட இளைஞர்களை இன்று தமிழ்நாட்டின் எந்தத் தாலுகாவிலும் காணலாம். மைக் செட் வாடகைக்கு விட்டு வாழ்ந்த தகப்பனாரின் தொழிலைப் புது ரூபத்தில் தொடர்கிறவர்கள் இவர்களில் உண்டு. பொறியியல் படித்துவிட்டு உத்தியோகம் அகப்படாமல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து முதல் போட்டவர்களும் உண்டு. ஸ்பீக்கர் எந்தக் கம்பெனியுடையது, ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட், மிக்ஸரில் எத்தனை சானல் என்று மாதக்கணக்கில் விசாரித்து, சென்னை ரிச்சி தெருவரைக்கும் நேரில் போய்க் காதால் கேட்டுப் பார்த்து வாங்கும் இவர்கள், அவ்வளவையும் சுமந்து செல்ல வேண்டிய வண்டியை மட்டும், எது தவணைக்குக் கிடைத்ததோ அதுவே போதும் என்று ஒரே சாயங்காலத்தில் தீர்மானித்துவிடுகிறார்கள். விழாவுக்குப் புறப்படும் மாலை நேரத்தை மனத்தில் வைத்துச் செய்கிற தீர்மானம் அது. வண்டி வாங்குகிறவர் நினைக்க வேண்டியது விழா முடிந்து திரும்பும் நடு இரவையும், அந்த நேரத்தில் பெட்டிகளைத் தூக்கி ஏற்றிவிட்டு அவற்றோடு வீடு திரும்ப வேண்டிய நான்கைந்து பிள்ளைகளையும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முன்னாளில் இந்தப் பிரச்சினை இவ்வளவு பெரிதாக எழவில்லை. இரண்டு கூம்புக் குழாய்கள், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு பாட்டரி, இசைத்தட்டுகள் அடுக்கிய ஒரு தகரப் பெட்டி என்பவற்றோடு மைக் செட்காரரின் ஆஸ்தி முடிந்துவிட்டது. அதை மாட்டு வண்டியில் ஏற்றலாம், ஊருக்கு வரும் பஸ்ஸின் கூரையிலும் ஏற்றலாம். இன்றோ, கேட்கிறவர்கள் காதால் கேட்டால் மட்டும் போதாது, மார்பில் அதிர வேண்டும் என்கிறார்கள்; அந்த அதிர்வை எழுப்புவதற்கு 18 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டைத் தாங்கிய பேஸ் பெட்டிகள் அவசியமாகிவிட்டன.

ஒரு நடுத்தர டி.ஜே. செட்டின் எடையைச் சற்று நிதானமாகக் கூட்டிப் பார்ப்போம். இரட்டை ஸ்பீக்கர் பொருத்திய பேஸ் பெட்டி ஒன்று ஏறத்தாழ 80 கிலோ இருக்கும். நான்கு பெட்டிகள் என்றால் 320. அவற்றின் மேல் வைக்கும் டாப் பெட்டிகள் நான்கும் சேர்ந்து 140 கிலோ. பழைய பாணியில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கட்டிய ஆம்ப்ளிஃபையர்கள் அடுக்கிய ரேக்கை 100 கிலோவுக்குக் குறைத்து மதிப்பிட முடியாது. கேபிள் பெட்டி, ஸ்டாண்டுகள், மிக்ஸர் இவற்றுக்கு ஒரு 100; விளக்குகளுக்கும் அவற்றைத் தொங்கவிடும் டிரஸ்ஸுக்கும் 150; மண்டபத்தில் மின்சாரம் போய்விட்டால் கைகொடுக்கும் சிறு ஜெனரேட்டருக்கு 80. ஆகக்கூடி 890 கிலோ. இத்தனையையும், 2005இல் சந்தைக்கு வந்து நம் ஜனங்களால் குட்டியானை என்று செல்லமாக அழைக்கப்பட்ட டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றி அனுப்புவதை நான் எத்தனையோ மண்டப வாசல்களில் கண்டிருக்கிறேன். அந்த வண்டி தன் முதல் வடிவத்தில் ஏற்றெடை 750 கிலோ என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அதாவது, ஒரு பிள்ளைகூட அதில் ஏறுவதற்கு முன்னரே பாரம் எல்லையைத் தாண்டிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதன் மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு முகூர்த்தத்தின் சம்பாத்தியம் முழுதும் ஒரே சோதனைச் சாவடியில் கரைந்து போகும். அபராதமாவது பணத்தோடு போகிற விஷயம். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் அதற்கு ரசீது கிடையாது.

எடையைக் காட்டிலும் குறைவாகப் பேசப்படுவது தொட்டியின் உயரம். சாதாரண பிக்கப் வண்டியின் தொட்டித் தளம் தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் குறையாது. மாலையில் ஏற்றும்போது கடைவாசல் திண்ணை இருக்கிறது, உதவிக்கு அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள். இரவில் நடப்பது வேறு. பொது இடங்களில் இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின் பொதுக் கட்டளை. ஆகவே பத்தடித்ததும் பாட்டு நிற்கிறது, விருந்தினர் கலைகிறார்கள், மண்டபத்துக் காவலாளி விளக்கை அணைக்க நிற்கிறார். அந்த அரை வெளிச்சத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரு பேஸ் பெட்டியைத் தூக்கும் விதத்தைப் பாருங்கள். ஒருவன் குனிந்து பக்கவாட்டுக் கைப்பிடியைப் பற்றுகிறான். மற்றவன் அடியில் விரலைச் செருகுகிறான். முழங்கால் உயரம் வரை இருவரும் சமமாகத் தூக்குகிறார்கள். அங்கிருந்து தொட்டியின் விளிம்புக்குக் கொண்டுவரும் கடைசி ஒரு முழத்தில்தான் ஒருவன் மார்பால் முட்டுக்கொடுக்க, மற்றவனுடைய முதுகு வில்லாக வளைகிறது. விளிம்பில் பெட்டியின் முனை தட்டியதும் அடியில் அகப்பட்ட விரலை அவன் உதறுகிறான். அடுத்த பெட்டி காத்திருக்கிறது. இருபத்திரண்டு வயதில் இது வீரமாகத் தோன்றலாம். முப்பத்தைந்தில் இடுப்பு வலி என்று வைத்தியரிடம் போகிறவர்கள் இந்தத் தொழிலில் அநேகர். வண்டியோடு ஒரு சாய்வுப் பலகையும், பெட்டிகளுக்கு அடியில் சக்கரமும் இருந்தால் இந்தச் சிரமத்தில் பாதி தீர்ந்துவிடும். ஆனால் ஏழடித் தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டவருக்குச் சாய்வுப் பலகையை வைக்க இடம் ஏது?

இனி, மிகவும் கவலைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் டிரைவருக்கும் மற்றொருவருக்கும் இடம் இருக்கும். மீதிப் பிள்ளைகள் பெட்டிகளின் மேல், தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, அல்லது அதற்கடியிலேயே சுருண்டு படுத்துக்கொண்டு வருகிறார்கள். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிவரும் பிரயாணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2002இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வேலையாளுக்கும் ஒரு வரம்புக்குட்பட்ட பாதுகாப்பு உண்டு. ஆனால், இன்றைக்கு ஒரு நாள் வாடா என்று போனில் கூப்பிட்டு அழைத்துவந்த நண்பனை வேலையாள் என்று நிரூபிக்க எந்த முதலாளியிடம் எழுத்து ஆதாரம் இருக்கிறது? போகிற வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று ஏறிக்கொண்ட கல்யாண வீட்டு உறவினருக்கோ ஒன்றுமே இல்லை.

2022ஆம் வருஷம் ஜூலை 31 இரவு, மேற்கு வங்காளத்தின் கூச் பிஹார் மாவட்டத்தில், ஜல்பேஷ் சிவாலயத்துக்கு ஒரு பிக்கப் வண்டியில் யாத்திரை சென்ற கூட்டத்தில் பத்துப் பேர் மின்சாரம் தாக்கி மாண்டார்கள். வண்டியின் பின்பக்கத்தில் வைத்திருந்த டி.ஜே. செட்டுக்கான ஜெனரேட்டரின் ஒயரிங்கிலிருந்து மின்சாரம் கசிந்து வண்டியின் உடம்பெல்லாம் பரவியிருக்கலாம் என்று போலீஸார் முதல் விசாரணையில் தெரிவித்தார்கள். ஓடுகிற வண்டியில் ஜெனரேட்டரும் ஆம்ப்ளிஃபையரும் ஈரத் தார்ப்பாயும் மனிதர்களும் ஒரே இரும்புத் தொட்டியில் நெருங்கி இருக்கும் ஏற்பாடு எப்படிப்பட்ட அபாயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை. நம் ஊர்களில் அம்மன் ஊர்வலங்களிலும் இறுதி ஊர்வலங்களிலும் இதே ஏற்பாட்டை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஓடும் வண்டியில் ஜெனரேட்டர் இயங்கத்தான் வேண்டும் என்றால், அந்த வண்டியில் டிரைவரைத் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் அடுக்கின் உயரம் தெருவின் மின்கம்பிக்கு வெகு தாழ்வாக இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஒப்பாத ஊர்வலத்தை மறுத்துவிடுவதே தர்மம்.

அப்படியானால் எந்த வண்டி? சிறு பிறந்தநாள் விழாக்களுக்கு இரண்டு பவர்டு ஸ்பீக்கரும் ஒரு லேப்டாப்பும் கொண்டு போகிறவருக்கு மாருதியின் ஈக்கோ கார்கோ வண்டி போதும்; தளம் தாழ்வு, மேலே மூடியிருக்கிறது, கதவைப் பூட்டலாம். ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவுசெய்த வெள்ளைப் பலகை வண்டியைத் தொழிலுக்கு ஓட்டி, விபத்து நேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காடும் நிலைக்குப் போக வேண்டாம். நான் மேலே கூட்டிக் காட்டிய நடுத்தர செட்டுக்குக் குட்டியானை பொருந்தாது. ஓசூரில் தயாராகி 2011இல் வெளிவந்த அசோக் லேலண்டின் தோஸ்த், ஒன்றேகால் டன் தாங்கும் சக்தியோடு, அந்த எடைக்குச் சரியாக அமைகிறது; மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் அவ்வாறே. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளித்திருப்பதையும் வாங்குகிறவர் ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் இவை எல்லாவற்றிலும் மேலாக நான் சிபாரிசு செய்வது, முன்னால் இரண்டு வரிசை ஆசனமும் பின்னால் குறுகிய தொட்டியும் உள்ள பொலேரோ கேம்பர் போன்ற வண்டியை. தொட்டி சிறிது என்று தரகர் சொல்வார். உண்மைதான், ஒரு பேஸ் பெட்டியைக் குறைக்க வேண்டி வரலாம். ஐந்து பேரும் இரும்புக் கூரையின் கீழ், ஆசனத்தில் பெல்ட் அணிந்து உட்கார்ந்து வீடு திரும்புகிறார்கள் அல்லவா? அந்த ஒரு பெட்டியின் சத்தம் குறைந்ததை மண்டபத்தில் எவரும் கவனிக்கப் போவதில்லை.

ஓட்டுவது யார் என்பதையும் வண்டி வாங்கும்போதே முடிவு செய்வது நல்லது. 7,500 கிலோ வரையிலான வண்டிகளை இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியிருப்பதால், குழுவில் லைசென்ஸ் உள்ள எவரும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். மேடையில் நான்கு மணி நேரம் நின்று, கண்ணில் லேசர் வெளிச்சம் ஆட, காதில் ரீங்காரம் நிற்காமல் இருக்கும் டி.ஜே.யே நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு திரும்புவதுதான் இன்றைய வழக்கம். நிகழ்ச்சி நடக்கும்போது மண்டபத்தின் பின்னறையில் படுத்து உறங்கி எழுந்த ஒருவர் ஓட்டட்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி செலவுக் கணக்கில் முதலாவதாக எழுதப்பட வேண்டியது.

மழையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களை நம்பித் தொழில் செய்கிறவர் திறந்த தொட்டியோடும் தார்ப்பாயோடும் காலம் தள்ள நினைப்பது பிசகு. ஸ்பீக்கரின் கூம்பு பெரும்பாலும் காகிதக் கூழால் ஆனது. பெட்டி பிளைவுட்டால் ஆனது. இரண்டும் ஈரத்துக்குப் பகை. பெட்டிகளைக் கேபினை ஒட்டிக் கனமானவை முதலில் வரும்படி அடுக்கி, கயிற்றுக்குப் பதிலாக ராட்செட் பெல்ட்டால் இறுக்கினால், காலி ரோட்டில் பட்டைவில் துள்ளும் துள்ளலில் ஆம்ப்ளிஃபையரின் சால்டர் விட்டுப்போகாமல் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரையில் முதல் வருஷத்தில் வண்டியே வாங்க வேண்டாம் என்பேன். மார்கழியில் கல்யாணம் இல்லை. ஆடியில் கோயில் விழா உண்டு, முகூர்த்தம் இல்லை. தவணைக்கோ இந்த மாதம் அந்த மாதம் என்ற பேதம் கிடையாது. வாடகை வண்டியில் ஒரு சுற்று எல்லாப் பருவங்களையும் பார்த்துவிட்டால், எத்தனை எடை, எத்தனை ஆள், எவ்வளவு தூரம் என்பது கையில் கணக்காக இருக்கும். அப்போது பழைய வண்டி வாங்கினாலும் தொட்டியின் அடித்துருவையும் சேஸிஸில் வெல்டிங் போட்ட தழும்பையும் எஃப்.சி. முடியும் தேதியையும் பார்த்து வாங்குகிற தெளிவு வந்துவிடும்.

முத்ரா முதலிய திட்டங்களின் கீழ் இவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம். வண்டிக்கு மட்டும் கடன் கொடுத்து, மேல்மூடி கட்டும் செலவை ஆடம்பரமென்று வெட்டிவிடாதீர்கள். லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லும் திருச்செங்கோடும், பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதில் கரூரும் அடைந்திருக்கும் கீர்த்தி நாடறிந்தது. அந்தப் பட்டறைகளில் இருப்பவர்கள் மனம் வைத்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அனுமதிக்கும் அளவுக்குள்ளேயே, மூடிய பெட்டியும் பின்புறம் மடித்து இறக்கும் சாய்வுப் பலகையும், ஜெனரேட்டருக்கு மனிதர் ஏற முடியாத தனி அறையும், உள்ளே பெல்ட் மாட்ட வரிசையாக வளையங்களும் உள்ள ஒரு மாதிரியை இந்தத் தொழிலுக்கென்றே உருவாக்கிவிடலாம். கேட்க வேண்டியவர்கள் டி.ஜே. தொழிலில் இருக்கும் இளைஞர்கள். மாவட்டந்தோறும் இருக்கும் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கங்கள் ஆடி மாதத்து வேலை தொடங்குவதற்கு முன் இதை எடுத்துக்கொண்டு கரூருக்கும் நாமக்கல்லுக்கும் ஆள் அனுப்பட்டும்.