வான்கோழிக் குஞ்சும் வளர்ச்சி மருந்தும்

நாஞ்சில் நாட்டில் வயலும் தென்னந்தோப்பும் உடைய குடியானவர்கள் வான்கோழி வளர்ப்பை உபதொழிலாகக் கொள்வது நன்றே. சென்னை நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தார், நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் அமெரிக்க நாட்டுப் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் கலந்து உண்டாக்கிய 'நந்தனம் வான்கோழி-1' நமது சீதோஷ்ணத்திற்கு ஏற்றதாகும். ஆயினும் குஞ்சு பருக்கவில்லையெனில், தீவனத்தைச் சோதியாமல் வளர்ச்சி டானிக் வாங்க ஓடுவோர் சிலர் உளர். இது முறையன்று என்பது நமது அபிப்பிராயம்.

வான்கோழிக் குஞ்சின் தேவை வேறு. கோழிக்குஞ்சின் தேவை வேறு. முதல் 4 வாரங்களில் வான்கோழித் தீவனத்தில் 100-க்கு 28 பங்கும், அடுத்த 4 வாரங்களில் 26 பங்கும் புரதம் இருத்தல் வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுக்கு 23 பங்கே போதும். நம்மூரில் எளிதிற் கிடைக்கும் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் இக்குறையை நிரப்பமாட்டா. அப்பிண்ணாக்கில் நார் அதிகம், லைசின் என்னும் சத்து குறைவு. சோயாப் பிண்ணாக்கும் உப்பிடாத மீன்தூளும் சேர்த்தலே தக்கது. உப்புக் கருவாட்டை இடித்துப் போடுதல் கேடு.

சேர்க்கைச் சத்துக்கள் யாவும் வீண் என்று நாம் கூறவில்லை. நயாசின் என்னும் வைட்டமின் குறைந்தால் கணுக்கால் மூட்டு வீங்கிக் கால் வளையும். தானியங்களிலுள்ள நயாசினில் பெரும்பகுதி பறவைக்குப் பயன்படாததால், அதனைத் தனியே சேர்க்கவே வேண்டும். ஆனால் புரதமற்ற தீவனத்தோடு எந்த டானிக்கைக் கொடுத்தும் பிரயோஜனமில்லை.

கோழித் தீவனம் வாங்குவோர் மற்றொன்றையும் விசாரித்தல் அவசியம். இரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்திற் சேர்க்கப்படும் சாலினோமைசின், கோழிக்கு மருந்தாயினும் வான்கோழிக்கு நஞ்சாகும். வளர்ந்த பறவைகளும் மடியும்.

எடை கூடுவதற்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுப்பதும் தகாது. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, மனிதர் நோய்க்கும் மருந்து பலிக்காமற் போகும். ஐரோப்பிய ஒன்றியம் இவ்வழக்கத்தை 2006 முதல் அறவே விலக்கியது. இந்திய அரசு உணவுப் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019-இல் தடுத்தது.

புரதத் தீவனம் விலை அதிகமென்பது மெய்யே. எனினும் குஞ்சு உண்பது சொற்பம்; பெரிதானபின் தீவனத்திற் பாதியளவு பசுந்தழையாகவே கொடுத்துச் செலவைக் குறைக்கலாம். ஆதலின் குடியானவர்கள் முதல் 8 வாரத் தீவனத்தில் சிக்கனம் பாராதிருப்பார்களாக. கிராம அதிகாரிகளும் வான்கோழி வளர்ப்போரிடம் இவற்றை எடுத்துரைத்து, மருந்து வாங்குமுன் அரசாங்கக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளுமாறு செய்வார்களென நம்புகிறோம்.