வாக்குறுதிக்கு மார்க் போடுவோம்!



நம் நாட்டில் ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ஆளுநர்தான் மாநிலத்தையே ஆள்பவர்; நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி. மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால், அது அவருக்கு மக்கள் வைக்கும் பரீட்சை!

அப்படியொரு பரீட்சை 2018 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்தது. மூன்றாம் முறையாக ஆளுநராக நின்றார் ஸ்காட் வாக்கர். சாமானியரல்ல. 2011-ல் அரசு ஊழியர் சங்கங்களின் பேச்சுவார்த்தை உரிமையில் பெரும்பகுதியைச் சட்டம் போட்டுப் பறித்தவர். கொதித்த மக்கள் 2012-ல் அவரைத் திரும்ப அழைக்கத் தேர்தல் கொண்டு வந்தும் ஜெயித்தவர்!

இந்த முறை அவர் காட்டிய பெரிய சாதனை, பாக்ஸ்கான் தொழிற்சாலை. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்கிறதே, அதே தைவான் கம்பெனிதான். 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 பேர் வரை வேலை என்று 2017-ல் அறிவித்தார்கள். பதிலுக்கு மாநிலம் கொடுக்க ஒப்புக்கொண்ட சலுகை சுமார் 300 கோடி டாலர். சட்டமன்றத்தின் நிதி அலுவலகமோ, 2042-43 வரை போட்ட பணம் திரும்பாது என்று அப்போதே கணக்குச் சொல்லிவிட்டது.

எதிர்த்து நின்றவர் டோனி எவர்ஸ். பள்ளி ஆசிரியராக இருந்து மாநிலக் கல்வித்துறைத் தலைவரானவர். பள்ளிக்கூடம், ரோடு, வைத்தியம் என்று பேசினார். பதிவான 26 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் 29,227 வித்தியாசத்தில் வென்றார்! வாக்கரால் மறு எண்ணிக்கை கேட்கவும் முடியவில்லை. வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் கேட்கக்கூடாது என்ற சட்டத்தில் 2017-ல் கையெழுத்துப் போட்டதே அவர்தான். வித்தியாசமோ 1.1 சதவீதம்!

அந்த ஒரு தொழிற்சாலைதான் அவரைத் தோற்கடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது 13,000 வேலை 1,454 ஆகச் சுருங்கியது. கேள்வி கேட்டவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை என்பது தெளிவாயிற்று.

இது நமக்கெதற்கு என்கிறீர்களா? எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். "முடிச்சா வேலை கிடைக்குமாப்பா?" என்பதுதான் வீட்டில் தினமும் கேட்கும் கேள்வி. ஆகவே, தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வரட்டும், நிறைய வரட்டும்! ஆனால் எந்தக் கட்சி மேடை போட்டு 'இத்தனை ஆயிரம் வேலை' என்றாலும் கை தட்டுவதற்கு முன் கேட்போம்: எந்த வருஷத்துக்குள்? நிரந்தரமா, கான்ட்ராக்டா? சொன்ன எண்ணிக்கை வராவிட்டால் கொடுத்த சலுகை திரும்புமா?

நம்மில் பலருக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. செமஸ்டருக்குச் செமஸ்டர் நமக்கு மார்க் போடுகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நாம் போடப்போகும் மார்க்கை, விடைத்தாளைப் படித்துப் பார்த்துப் போடுவோம் தோழர்களே!