மூட்டை காக்கும் தாய்க்கும் முழுச் சீட்டா?

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் இரண்டே பேச்சுதான். ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா என்பது ஒன்று. கிடைக்காவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்பது மற்றொன்று.

ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டது. அதன் பிறகும் கோடை விடுமுறையில் நாகர்கோவில் வண்டியிலோ சென்னை வண்டியிலோ இடம் பிடிப்பது குதிரைக் கொம்புதான். டிக்கெட் கிடைத்தவருக்கு லீவு கிடைப்பதில்லை. லீவு கிடைத்தவருக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. இப்படி ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிடும் குடும்பங்கள் தாராவி, சயான், செம்பூர், முலுண்டு என்று எங்கும் இருக்கின்றன.

அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆற்றுக் குளியல் இல்லை. பம்புசெட்டுத் தொட்டி இல்லை. கோயில் கொடையில் ராட்டினம் சுற்றக் கொடுத்து வைக்கவில்லை. ஒரு நாள் ஜுஹு கடற்கரை, இன்னொரு நாள் தண்ணீர்ப் பூங்கா. அவர்களுடைய விடுமுறை அவ்வளவே.

கடற்கரையை ஒட்டிய பூங்கா என்றால் மும்பைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோராய்தான். 1989-ல் அங்கே எஸ்ஸெல் வேர்ல்டு திறந்தது. 1998-ல் அதன் பக்கத்திலேயே வாட்டர் கிங்டம் வந்தது. போரிவலியில் ரயிலை விட்டு இறங்கி, படகுத் துறைக்குப் போய், கழிமுகத்தைப் படகில் கடக்கும்போதே பிள்ளைகளுக்குப் பாதி சந்தோஷம் கிடைத்துவிடும். பிறகு கோப்போலி அருகே இமேஜிக்கா 2013-ல் திறக்கப்பட்டது. வசை, விரார் பக்கங்களிலும் பல தண்ணீர்ப் பூங்காக்கள் வந்துவிட்டன.

பூங்கா வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பத்துக்குப் பத்து அறையில் வளரும் பிள்ளை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஆடினால் அது வீண் செலவு ஆகாது. ஆனால் அந்த ஒரு நாளுக்குக் கட்டணம் வாங்கும் முறை நியாயமாக இருக்கிறதா? இதுதான் கேள்வி.

உயரமா, வயதா?

ஒரு குமாஸ்தாவின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பதினொரு வயதுப் பெண், ஏழு வயதுப் பையன். ஆக நான்கு பேர்.

ரயிலில் வயதுதான் கணக்கு. ஐந்து வயது ஆகாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்து, தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரைக் கட்டணம். பூங்காக்களில் உயரம்தான் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம், 140 சென்டிமீட்டர் வரை குழந்தைச் சீட்டு, அதைத் தாண்டினால் பெரியவர் சீட்டு என்று வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு. சில பூங்காக்களில் இந்த அளவு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்.

நம் குமாஸ்தாவின் பெண் வயதுக்கு மீறிய உயரம். அவள் ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள் என்றாலும் அவளுக்குப் பெரியவர் சீட்டு. பையனோ குள்ளம். அவனுக்குக் குழந்தைச் சீட்டு கிடைத்துவிடும். ஆனால் உள்ளே போனபின் பெரிய சறுக்குகளில் அவனை ஏற்றமாட்டார்கள். அக்காள் மேலிருந்து சறுக்கி வருவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சறுக்குகளுக்கு உயரக் கட்டுப்பாடு வைத்தது சரியே. அது உயிர் காக்கும் விதி. காவலரின் கண்ணில் மண்ணைத் தூவப் பிள்ளையைக் குதிகாலை உயர்த்தி நிற்கச் சொல்லும் தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். அது பெரிய தவறு. பிள்ளையின் ஒரு நிமிட ஆசைக்காக அதன் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

ஆனால் சறுக்கில் ஏற உயரம் பார்ப்பது வேறு. காசு வாங்க உயரம் பார்ப்பது வேறு. பிள்ளை சீக்கிரம் வளர்ந்தது பெற்றோரின் குற்றமா? கட்டணத்துக்கு வயதைக் கணக்காக வைத்து, பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால் என்ன?

நிழலில் உட்காரவும் கட்டணம்

அடுத்தது வீட்டு அம்மாவின் சங்கதி. தண்ணீரில் இறங்க நைலான் உடை வேண்டும். சேலைக்கும் பருத்தித் துணிக்கும் அனுமதி இல்லை. சறுக்கில் துணி சிக்கிக்கொள்ளும் என்பதால் இந்த விதியையும் குறை சொல்ல முடியாது. உடை இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் நம் பெண்களில் பலர், முக்கியமாக நடுத்தர வயதைத் தாண்டியவர்கள், அதை உடுத்திக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்கக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தைக் கேலி செய்து பயன் இல்லை.

ஆகவே அம்மா என்ன செய்கிறாள்? செருப்பையும் துண்டையும் மாற்றுத் துணியையும் மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். காலைக்கூட நனைக்காத அவளுக்கும் முழுச் சீட்டு! உடன் வருவோருக்கு என்று குறைந்த கட்டணத்தில் தனிச் சீட்டு பல இடங்களில் கிடையாது.

விடியற்காலையில் எழுந்து அவள் கட்டிய புளியோதரைக்கும் வாசலிலேயே தடை. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே வாங்கிச் சாப்பிட்டால் தெருக்கடை விலையைப் போல் பல மடங்கு. பெட்டக வாடகை, உடை வாடகை, படகு, ஆட்டோ என்று கூட்டிப் பார்த்தால் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழுந்துவிடுகிறது. சிலர் சீட்டுப் பணத்தை எடுக்கிறார்கள். சிலர் கடன் வாங்குகிறார்கள்.

பூங்கா நடத்துவோர் பக்கமும் நியாயம் உண்டு. நீரைச் சுத்திகரிக்க வேண்டும். மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். உயிர்காப்போருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். போதாததற்கு வரி வேறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பூங்காச் சீட்டுக்கு 28 சதவீதம் விதித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைத்தார்கள். குழந்தைச் சீட்டுக்கு மட்டுமாவது இன்னும் குறைத்தால் அரசாங்கக் கஜானா காலியாகிவிடாது.

கடல் இலவசம்தான், ஆனால்...

பூங்காவுக்குப் போக வசதி இல்லாதவர்கள் கடலுக்குப் போகிறார்கள். ஜுஹுவிலும் கிர்காவிலும் மணலில் கால் வைக்க யாரும் சீட்டுக் கேட்பதில்லை. ஆனால் கடலுக்கு ஆழக் கணக்கு கிடையாது. கடல் ஏற்றத்தின்போது முழங்கால் அளவுத் தண்ணீர் சற்று நேரத்தில் இடுப்பளவு ஆகிவிடும். அக்சா கடற்கரையின் நீரோட்டம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் நேரத்தில் ஜுஹு கடலில் இறங்கிய சிறுவர்கள் நால்வர் திரும்பவில்லை. அதை இந்த நகரம் மறந்துவிடக் கூடாது.

பத்திரமான தண்ணீருக்கு விலை அதிகம். விலையில்லாத தண்ணீரில் பத்திரம் இல்லை. உழைப்பாளியின் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இதற்கு வழி இல்லையா?

மனம் இருந்தால் வழி உண்டு. பைகுல்லா ராணி பாக் மிருகக்காட்சிச் சாலையைப் பாருங்கள். 2017-ல் நுழைவுக் கட்டணத்தை உயர்த்தியபோதும், பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பத்துக்கு 100 ரூபாய் என்றுதான் மாநகராட்சி நிர்ணயித்தது. பென்குயினைக் காட்ட முடிந்த மாநகராட்சிக்கு, முழங்கால் ஆழத்தில் ஒரு குழந்தைகள் தண்ணீர்த் திடல் கட்ட முடியாதா? தாதரிலும் செம்பூரிலும் காந்திவலியிலும் நீச்சல் குளங்களை நடத்தி அனுபவம் உள்ள மாநகராட்சிதானே!

கடற்கரைகளை ஒட்டி இரண்டு மூன்று இடங்களில் இத்தகைய திடல்கள் வேண்டும். நிழல், குடிநீர், கழிப்பறை, உயிர்காப்போர் இவை இருந்தால் போதும். வானுயரச் சறுக்கு ஏதும் தேவை இல்லை. கட்டிய சோற்றைப் பிரித்துச் சாப்பிடவும் இடம் வேண்டும்.

தனியார் பூங்காக்கள் குடும்பச் சீட்டையும், தண்ணீரில் இறங்காத துணையாளருக்குக் குறைந்த கட்டணச் சீட்டையும் கொண்டுவர வேண்டும். பிள்ளைகளின் கட்டணத்தை வயதை வைத்து வாங்க வேண்டும். இதைச் செய்தால் கூட்டம் கூடுமே தவிரக் குறையாது.

நம்மவர்களும் சும்மா இருக்கலாகாது. கூட்டமாகப் போனால் கட்டணத்தைக் குறைக்கும் பூங்காக்கள் உண்டு. தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் மே மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஒன்றாக அழைத்துப் போகலாம். ஆண்டு விழாவுக்குப் போடும் மேடைச் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்கிப் பூங்காவுக்குப் போகாதீர்கள். கைக்கு எட்டவில்லை என்றால் பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஏதும் இல்லை. கடலுக்குப் போனால் ஏற்ற நேரத்தை விசாரித்துவிட்டு, சிறு பிள்ளையின் கையை விடாமல் கரையோரம் நில்லுங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

ஊருக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு இந்த நகரம்தான் ஊர். அவர்களுக்கு வருடத்தில் ஒரு நாளாவது பயமில்லாமல் தண்ணீரில் ஆட இடம் கொடுப்பது மாநகராட்சியின் கடமை. அடுத்த கோடை வருமுன் அதற்கு ஆவன செய்யட்டும்.