தேக்கோங்கில் சொகுசு எங்கே?

சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாயமாகியிருக்கும் தேசிய சேவையைப் பற்றிப் பேச்சு வந்தால், "இப்போதெல்லாம் தேக்கோங் தீவில் ஒரே சொகுசு" என்று மூத்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிதாகப் படையில் சேர்பவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஒன்பது வாரப் பயிற்சி. மொட்டைத் தலை, விடியுமுன் விழிப்பு, சாப்பாட்டுக்கும் அணிவகுப்பு, துப்பாக்கி துடைப்பு, சேற்றில் ஊர்தல், கடைசியில் முதுகுச் சுமையோடு 24 கிலோமீட்டர் நடை. இதில் சொகுசு எங்கே இருக்கிறது? மாறியிருப்பது வெயிலைக் கணக்கில் எடுக்கும் முறைதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் அது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் உலர்வதில்லை. உடம்பின் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. வெயிலில் ஓடியவன் நினைவிழந்து விழுந்தால் அது மனஉறுதிக் குறைவு அல்ல, உயிரையே பறிக்கக்கூடிய வெப்பத்தாக்காக இருக்கலாம். அதனால்தான் வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளந்து, எவ்வளவு நேரம் பயிற்சி, எவ்வளவு நேரம் ஓய்வு என்று வகுக்கிறார்கள். வரிசையில் நிற்கவைத்துத் தண்ணீர் குடிக்கச் செய்கிறார்கள். நடைத்தூரத்தையும் படிப்படியாகத்தான் கூட்டுகிறார்கள். இவ்வளவும் சரி. ஆனால் "முடியவில்லை, சார்ஜண்ட்" என்று கை தூக்கும் பையனைப் பக்கத்தில் நிற்பவர்கள் கேலி செய்தால், அடுத்த முறை அவன் வாயைத் திறக்கமாட்டான். எந்த அளவுகோலும் அவனுக்கு உதவாது. ஒரு பயிற்சியாளரை மதிப்பிடும்போது, கை தூக்கியவனை அவர் எப்படி நடத்தினார் என்பதையும் கட்டாயம் பார்க்கவேண்டும்.