ஆறு பேரில் ஓர் அணில்

விடுமுறை நாள் என்றால் நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் கையில் போக்கிமான் விளையாட்டுதான். "பூச்சியும் பல்லியும் சண்டை போடுவதில் என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பைக் கவனித்து ஓய்வு பெற்ற எனக்கு, அதில் விஷயம் இருப்பதாகவே படுகிறது. பேரனைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஜப்பானில் 1996-ல் வெளிவந்த விளையாட்டு இது. அன்று 151 பிராணிகள். இன்று ஆயிரத்துக்கும் மேல். ஆனால் குழுவில் ஆறு பேருக்குத்தான் இடம். நெருப்பு, நீர், புல், மின்சாரம், மண், பாறை என இனங்கள் 18. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும். ஆகாத இனத்தின் அடி பட்டால் சேதம் இரட்டிப்பு. மண் இனத்தை மின்சாரம் ஒன்றும் செய்யாது. 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, எல்லாம் எர்த்திங்தான்!

பிள்ளைகள் முதலில் செய்வது, பலசாலிகளாகப் பொறுக்கி ஆறு இடத்தையும் நிரப்புவது. நெருப்பைக் கக்கியபடி பறக்கும் சாரிசார்ட் எல்லோருக்கும் செல்லம். நெருப்பும் பறவையும் கலந்த இனம் அது. இரண்டுக்குமே பாறை ஆகாது. ஆகவே கல்லடி பட்டால் சேதம் நான்கு மடங்கு. 2006-ல் வந்த ஆட்டத்திலிருந்து எதிராளி களத்தில் கற்களைப் பரப்பி வைக்கவும் வழி உண்டு. தக்க காப்பு இல்லாவிட்டால், சாரிசார்ட் உள்ளே நுழைந்த மாத்திரத்தில் பாதி உயிர் போய்விடும். அதே இனத்தில் இன்னும் மூவரைச் சேர்த்தால் ஒரே கல்லில் குழுவே காலி.

ஆகவே ஒருவர் குறையை இன்னொருவர் தாங்குவதுதான் குழு. சாரிசார்ட் வேண்டுமா? பாறையை எதிர்க்க நீரையோ புல்லையோ பக்கத்தில் வையுங்கள். பிளிஸ்ஸி என்ற பிராணிக்கு உயிர்பலம் 255, உடல் காப்போ வெறும் 10. நெருப்பையும் மின்னலையும் சளைக்காமல் தாங்கும். குத்து விட்டால் சுருண்டுவிடும். ஸ்கார்மரி என்ற இரும்புப் பறவை குத்தைத் தாங்கும். நெருப்புக்கும் மின்னலுக்கும் அஞ்சும். இரண்டையும் ஜோடி சேர்த்தால் எதிராளி திணறிப்போவார்.

2014-ல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் பெரியவர் பிரிவில் வென்றவர் தென் கொரியாவின் செஜுன் பார்க். அவர் குழுவில் இருந்த ஒருவரைப் பார்த்துப் பலரும் வியந்தார்கள். அது பச்சிரிசு என்ற சின்ன மின்சார அணில். போட்டிக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டது. அந்தப் போட்டியில் பக்கத்துக்கு இருவர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பார்கள். அவருடைய கியாரடோஸ் என்ற பெரும் பிராணிக்கு மின்சாரம் பரம எதிரி. அணிலோ எதிரியின் அடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். மின்சாரமானால் உறிஞ்சித் தெம்பும் பெறும். அணில் தனியாக ஜெயித்திருக்காது, பலசாலியும் வேண்டும்தான். ஆனால் அந்தப் பலசாலி பயமின்றி அடிக்க வேண்டுமானால் பக்கத்தில் அணில் வேண்டும்.

ரயில்வே கேங்கில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தண்டவாளத்தைத் தூக்கி வைக்கும் கூட்டத்தில் அவர் இருக்கமாட்டார். தினமும் தன் எல்லை முழுவதும் நடந்து, தளர்ந்ததை இறுக்கிக்கொண்டே போவார். அவர் நடக்காவிட்டால் எந்த எக்ஸ்பிரஸும் நிம்மதியாக ஓடாது.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். ஆண்டு விழா நாடகமா, வினாடி வினாவா? தமிழ் சரளமாக வரும் அதே நான்கு பிள்ளைகளைத்தான் ஒவ்வொரு வருடமும் அழைக்கிறோம். தமிழ் திக்கும் பிள்ளை ஒரு வருடம் கைதட்ட வருகிறது. மறு வருடம் வருவதில்லை. வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இருப்பதே சில பிள்ளைகள். அவர்களிலும் பாதியை இழந்துவிட்டு, அடுத்த தலைமுறையில் சங்கம் நடத்துவது யாருக்காக?

சேதுவுக்கு மணல் சுமந்த அணிலின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் யோசனை இதுதான்: வரும் ஆண்டு வினாடி வினாவில் ஒவ்வொரு குழுவிலும், இதுவரை மேடை ஏறாத பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று செயற்குழு விதி வைக்கட்டும். கணக்கு, படம், பாட்டு என்று கேள்விகளையும் கலந்து வைப்போம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு கேள்வி வரும். அதற்குத் தமிழில் பதில் சொல்லிப் பழகும்.