சாம்பலில் சூடு, சாம்பலில் குளிர்

திருவனந்தபுரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு மணல், கம்பி, மேஸ்திரி எல்லாத் தொல்லையும் முடிந்த பிறகு ஒரு சண்டை பாக்கி இருக்கும். சுவருக்கு என்ன நிறம்? சில வருடங்களாக அந்தச் சண்டை சாம்பல் நிறத்தில் வந்து நிற்கிறது. ஷேட் கார்டில் பார்த்தால் பத்துச் சாம்பலும் ஒரே சாம்பல். சுவரில் இரண்டு கோட் ஏறிக் காய்ந்த பிறகுதான் ஒன்று ஆஸ்பத்திரி வராந்தா போலவும், இன்னொன்று நனைந்த அட்டைப்பெட்டி போலவும் முகம் காட்டுகிறது. அதற்குள் பெயின்டருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது.

கடைக்காரர்கள் இதை வார்ம் கிரே, கூல் கிரே என்று பிரிக்கிறார்கள். பெயர்தான் புதிது. சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து வெள்ளையடித்த காலத்திலேயே இந்த வித்தை இருந்தது. பழுப்பேறிய வெள்ளையை நீலம் குளிர்வித்துப் பளிச்சென்று காட்டும்; கை கொஞ்சம் தாராளமானால் வீடே நீலம் பாரித்துவிடும். சாம்பலிலும் அதே கணக்கு. வெள்ளையில் வெறும் கரியைக் கலந்தால் வருவது நீலச் சாயல் ஓடும் குளிர்ந்த சாம்பல். அதோடு மஞ்சள் காவியோ பழுப்போ ஒரு துளி சேர்ந்தால் சூடு வந்துவிடும்.

அந்த வெள்ளையிலேயே இரண்டு ஜாதி உண்டு என்பதும், இரண்டும் கேரளக் கரையில் பிறப்பதும் பலருக்குத் தெரியாது. பெயின்ட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட், சவறாவிலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் கறுப்பு மணல். திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்தபோதே, 1946இல், திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் தொடங்கப்பட்டது. கொச்சுவேளியில் இருக்கும் அந்த ஆலையின் சரக்கு 'அனடேஸ்' வகை. லேசான நீலச் சாயல் கொண்டது. வெயில் பட்டால் சீக்கிரம் பொடியாக உதிரும் என்பதால் உட்சுவருக்குத்தான் லாயக்கு. கொல்லம் மாவட்டத்துச் சவறாவில் உள்ள கேரளா மினரல்ஸ் அண்டு மெட்டல்ஸ் தயாரிப்பதோ 'ரூட்டைல்'. மிக மெல்லிய மஞ்சள் சாயல், வெயிலையும் தாங்கும். ஒன்று குளிர் வெள்ளை, மற்றது சூட்டு வெள்ளை.

வெண்மைக்கு விலையும் உண்டு. மணலில் உள்ள இரும்பை முழுக்க நீக்காவிட்டால் வெள்ளை மஞ்சளடிக்கும். கந்தக அமில முறையில் அந்த இரும்பும் மிச்ச அமிலமும் கழிவுநீராக வெளியேறும். வேளிக் கடலோர மீனவர்களின் நெடுநாளைய மனக்குறை இது. ஷேட் கார்டு பார்ப்பவர் கண்ணில் இது படுவதில்லை.

சரி, எந்தச் சாம்பல்? வெளிநாட்டு அலங்காரப் புத்தகங்கள் ஒரு சூத்திரம் சொல்லும்: வடக்கு ஜன்னல் அறைக்கு வெயில் வராது, வெளிச்சம் நீலமாக இருக்கும், ஆகவே வார்ம் கிரே, தெற்குப் பார்த்த அறைக்குக் கூல் கிரே. லண்டனுக்கு இது சரி. திருவனந்தபுரம் இருப்பது எட்டரை டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை இங்கே உச்சிவெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் விழுகிறது. புத்தகத்தை நம்பியவருக்கு வருடத்தில் நாலரை மாதம் சூத்திரம் தலைகீழ். அதிலும் பாதி நாள் இடவப்பாதி மழை. சூரியன் எந்தத் திசையில் இருந்தால் என்ன? பெயின்ட் அடிப்பதோ பெரும்பாலும் சுவர் நன்றாகக் காயும் ஜனவரி, பிப்ரவரியில். தெற்கிலிருந்து பளீரென்று வெயில் வரும்போது ரசித்துத் தேர்ந்தெடுத்த குளிர்ச் சாம்பல், ஜூன் மாத இருட்டில் ஈரச் சிமென்ட்டாகத் தெரிந்தால் பெயின்டரைத் திட்டிப் பயனில்லை.

ஜன்னலுக்கு வெளியே தென்னையும் பலாவும் நின்றால் உள்ளே வருவது பச்சை கலந்த வெளிச்சம். கீழே ரெட் ஆக்சைடு தரை பளபளத்தால் சுவரின் அடிப்பகுதியில் சிவப்பு ஏறும். கண்ணோ எதிர்த்திசையில் வேலை செய்யும்: சிவப்பை ஒட்டியிருக்கும் சாம்பலை நீலப்பச்சையாகக் காட்டும். பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறங்களில் என்று கண்டுபிடித்தார் ரசாயன நிபுணர் செவ்ரோல். 1839இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். சிவப்புத் தரை உள்ள பழைய வீட்டில் கூல் கிரே அடித்துவிட்டு 'இது நாம் சொன்ன கலரே இல்லை' என்று கடைக்கு ஓடுபவர் பார்ப்பதும் இதைத்தான்.

ராத்திரி வேறு கதை. 2,700 கெல்வின் மஞ்சள் பல்பு கூல் கிரேயைச் சற்று மட்டுப்படுத்தும். 6,500 கெல்வின் வெள்ளை எல்இடி, வார்ம் கிரேயின் சூட்டையும் உறிஞ்சிவிடும். பல்பை முடிவு செய்யாமல் பெயின்ட் வாங்குவது, பையன் அளவு தெரியாமல் சட்டை தைப்பது மாதிரி.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றவர் ஒருவர் இந்த ஊரிலேயே இருந்தார். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்துக்காரராகவே 2007இல் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். பூச்சும் பெயின்ட்டும் ஒரு நாள் செலவல்ல, திரும்பத் திரும்ப வரும் செலவு என்பது அவர் வாதம். உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் செங்கல் சுவர்கள் பூச்சில்லாமல்தான் நிற்கின்றன. ஆனால் வெறும் செங்கல் வெளிச்சத்தைக் குடித்துவிடும். சின்ன ஜன்னல் வீட்டுக்கு அது எல்லோருக்கும் ஒத்துவராது.

பூசியே தீரவேண்டியவர்கள் செய்யக்கூடியது: சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, அதைச் சுவருக்குச் சுவர் நகர்த்திப் பார்ப்பது. காலை ஏழு மணிக்கு, மத்தியானம், விளக்குப் போட்ட பின். தரையை ஒட்டி ஒரு தடவை, பலாமரத்து ஜன்னலுக்கு எதிரே ஒரு தடவை. பொறுமை இருந்தால், மழை பெய்கிற ஒரு நாளிலும்.